ஆறாவது நகர்த்தலில் காலாவதி

டிசம்பர் பிறந்துவிட்டால் பத்திரிகைகளுக்குப் பட்டியல் காய்ச்சல் வந்துவிடும். ஆண்டின் சிறந்த பத்து படங்கள், பத்து பாடல்கள், பத்து சர்ச்சைகள். சதுரங்க உலகமும் இதற்கு விலக்கல்ல. அங்கே நடக்கும் சண்டை கொஞ்சம் விசித்திரமானது: அந்த ஆண்டு வெளியான ஓபனிங் புத்தகங்களில் எது உசத்தி? அதாவது, ஆட்டத்தின் முதல் பத்துப் பதினைந்து நகர்த்தல்களை மட்டும் அலசும் புத்தகங்களில் எதற்கு முதலிடம்? வெளியாட்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். சினிமா டைட்டில் ஓடும் நேரத்தை மட்டும் வைத்துப் படத்துக்கு மார்க் போடுவது போலத் தோன்றும். ஆனால் தில்லியில் இருக்கும் ஒரு சராசரி தமிழ்க் குடும்பத்துக்கு இது மாதச் சம்பளத்தில் துண்டு விழவைக்கும் கேள்வி.

இங்கிலாந்து சதுரங்க சம்மேளனம் ஆண்டுதோறும் சிறந்த சதுரங்கப் புத்தகத்துக்கு விருது தருகிறது. 2003இல் முன்னோர்களைப் பற்றிய காஸ்பரோவின் முதல் தொகுதி அதை வாங்கியது. 2019இல் ஆல்ஃபாஜீரோ என்ற கம்ப்யூட்டரின் ஆட்டத்தை ஆராய்ந்த மேத்யூ சாட்லர், நடாஷா ரீகன் இருவரின் புத்தகம். முதலாவது வரலாறு, இரண்டாவது சிந்தனை முறை. ஓபனிங் புத்தகங்களுக்கு இந்த மாதிரிப் பந்திகளில் ஓரத்து இலைதான். காரணம் லேசில் புரியக்கூடியதே. வரலாறு பழசாகாது. ஓபனிங் புத்தகம் அச்சாகி வருவதற்குள்ளேயே பழசாகிவிடலாம். எங்கோ ஒரு போட்டியில் ஒருவர் ஒரு புதிய நகர்த்தலை ஆடினால் போதும், 40 பக்கம் வீண்.

ஆனாலும் விற்பனையில் இவற்றை அசைக்க முடியவில்லை. கடைசிக்கட்ட ஆட்டம் பற்றிய புத்தகத்தை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள், வாங்கிப்போவது ஓபனிங் புத்தகத்தைத்தான். கீதையைச் சிபாரிசு செய்துவிட்டு ஜாதகப் புத்தகம் வாங்குவது போல.

தில்லியில் இந்த வாங்கும் படலம் இரண்டு தினுசு. ஒன்று, புதுப் புத்தகம். ஸ்காட்லாந்தின் குவாலிட்டி செஸ், நெதர்லாந்தின் நியூ இன் செஸ், பிரிட்டனின் எவ்ரிமேன், கேம்பிட் என்று எல்லாமே கடல் கடந்து வருபவை. யூரோவிலும் பவுண்டிலும் போட்ட விலை ரூபாயில் இரண்டாயிரம், மூன்றாயிரத்தைத் தொடும். வெள்ளைக் காய்க்கு ஒன்று, கறுப்புக் காய்க்கு இரண்டு என்று வாங்கினால் ஒரு போட்டிக்குப் போய்வரும் ரயில் செலவு போய்விடும். உலகப் புத்தகக் கண்காட்சிக்காகப் பிரகதி மைதானத்துக்குப் போகிறவர்கள் அங்கே சதுரங்க அலமாரி ஒன்றைக் கண்டுபிடிப்பதற்குள் கால் ஓய்ந்துவிடும்.

இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகச் சந்தை. 1960களிலிருந்து தரியாகஞ்ச் நடைபாதையில் கொடிகட்டிப் பறந்த இந்தச் சந்தையை, போக்குவரத்து நெரிசலைக் காரணம் காட்டி 2019இல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி காலி செய்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஆசஃப் அலி சாலையின் மகிளா ஹாட் வளாகத்துக்குள் அது குடியேறியது. தில்லி கேட் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம். மருத்துவ நுழைவுத் தேர்வு கைடுகளுக்கும் கிலோ கணக்கில் விற்கும் ஆங்கில நாவல்களுக்கும் நடுவில், பொறுமை இருந்தால், சதுரங்கப் புத்தகங்கள் அகப்படும். 1911இல் முதல் பதிப்பு கண்டு இன்றுவரை பெயர் நிலைத்திருக்கும் 'மாடர்ன் செஸ் ஓபனிங்ஸ்' நூலின் ஏதாவதொரு பழைய பதிப்பு, பாட்ஸ்ஃபோர்டு வெளியீடுகள், சோவியத் காலத்து மலிவுப் பதிப்புகள்.

மயூர் விஹாரிலிருந்து அங்கே வருகிற ஒரு மத்திய அரசு ஊழியரின் சங்கடத்தைப் பார்த்தால் விஷயம் விளங்கும். சொந்த ஊர் தஞ்சைப் பக்கம். மகளுக்கு வயது 11. போட்டிகளில் ஆடுகிறாள். அவர் கையில் எடுத்த பழைய புத்தகத்தில் நகர்த்தல்கள் 'பி-கே4' என்ற பாணியில் இருக்கின்றன. ராஜாவுக்கு முன்னால் நான்காவது கட்டத்துக்குச் சிப்பாய் என்று பொருள். அவர் தன் பள்ளி நாட்களில் கற்றது இந்தக் கணக்குதான். மகளுக்கு அது புரியாது. அவளுக்கு அது 'ஈ4'. 1981லிருந்து சர்வதேச சம்மேளனம் இந்த இரண்டாவது முறையை மட்டுமே ஏற்கிறது. ஆக, அப்பாவுக்குப் படிக்கத் தெரிந்த புத்தகம் மகளுக்குப் பயன்படாது. மகளுக்குத் தேவையான புத்தகத்துக்கு அப்பாவிடம் காசு இல்லை.

வீட்டில் இன்னொரு மொழிக் குழப்பமும் உண்டு. அப்பா பிஷப்பை 'மந்திரி' என்பார். பயிற்சி வகுப்பில் இந்தி பேசும் பிள்ளைகளுக்கு 'வஜீர்' என்றால் ராணி. பிஷப் அவர்களுக்கு ஒட்டகம். "மந்திரியை வெளியே எடும்மா" என்று அப்பா போனில் சொன்னால் பெண் ஒரு கணம் யோசித்து, "எந்த மந்திரிப்பா, உங்க மந்திரியா, இவங்க மந்திரியா?" என்று கேட்கிறாள். தில்லியில் இந்தக் கேள்விக்கு வேறு அர்த்தங்களும் உண்டு என்பதை விட்டுவிடலாம்.

இந்தச் சிக்கலை யூகோஸ்லாவியாக்காரர்கள் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். 1966இல் பெல்கிரேடில் அலெக்ஸாண்டர் மட்டனோவிச் தொடங்கிய 'செஸ் இன்ஃபார்மன்ட்' வெளியீடு வார்த்தைகளை அடியோடு ஒழித்தது. நல்ல நகர்த்தலுக்கு ஆச்சரியக்குறி, மோசமானதற்குக் கேள்விக்குறி, வெள்ளைக்குச் சாதகமென்றால் ஒரு குறி, சமநிலைக்கு வேறொன்று. 1974லிருந்து வெளிவந்த அவர்களுடைய ஓபனிங் கலைக்களஞ்சியம் ஐந்து தொகுதிகளில், ஏ முதல் இ வரை, மொத்த ஓபனிங் உலகத்தையும் 500 எண்களுக்குள் அடக்கியது. சிசிலியன் தற்காப்பின் நைடார்ஃப் வகை என்றால் பி90 முதல் பி99 வரை. ரஷ்யனும் ஸ்பானியனும் தமிழனும் ஒரே பக்கத்தை ஒரே மாதிரி படிக்கலாம். மொழிபெயர்ப்பாளனின் பிழைப்பில் மண் போட்ட ஒரே இலக்கிய வகை இதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் குறிகளால் ஆன புத்தகத்தில் ஒரு குறை. 'வெள்ளைக்குச் சாதகம்' என்று அது சொல்லும், ஏன் என்று சொல்லாது. கிராண்ட்மாஸ்டருக்கு அது போதும். பதினோரு வயதுப் பெண்ணுக்குப் போதாது. போன வருஷம் அவள் 12 நகர்த்தல்களை மனப்பாடம் செய்துகொண்டு ஒரு போட்டிக்குப் போனாள். எதிரே உட்கார்ந்த பையன் ஆறாவது நகர்த்தலிலேயே புத்தகத்தில் இல்லாத ஒன்றை ஆடினான். அது மோசமான நகர்த்தல். அதனால்தான் புத்தகத்தில் இல்லை. ஆனால் ஏன் மோசம் என்று அவளுக்குத் தெரியவில்லை. 20 நிமிடம் யோசித்துவிட்டுத் தோற்றாள். அரங்குக்கு வெளியே அழுதபடி வந்தவள் கேட்டது: "அப்பா, அவன் தப்பா ஆடினான், நான் எப்படி தோத்தேன்?"

சிறந்த ஓபனிங் புத்தகம் எது என்று தேர்வு செய்கிறவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் புத்தகத்தைத்தான் முதலில் வைக்க வேண்டும். பெரும்பாலும் வைப்பதில்லை. அவர்கள் வலுவான ஆட்டக்காரர்கள். அவர்களைக் கவர்வது 23ஆவது நகர்த்தலில் புதுமை.

ஓபனிங் புத்தகமே படிக்காமல் என்ன சாதிக்கலாம் என்பதற்கும் தில்லியில் ஒரு வரலாறு உண்டு. 1928இல் இங்கே நடந்த அகில இந்தியப் போட்டியில் ஒன்பது ஆட்டங்களில் எட்டு வெற்றி, ஒரு டிரா என்று வாரிக்கொண்டு போனவர் பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான். அவர் பழகியது இந்தியச் சதுரங்கம். அதில் சிப்பாய் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் தாவ முடியாது. ஒவ்வொரு கட்டமாகத்தான் ஊர வேண்டும். ஐரோப்பிய ஓபனிங் புத்தகங்களுக்கு அங்கே வேலையே இல்லை. அடுத்த ஆண்டு தன் புரவலர் சர் உமர் ஹயாத் கானுடன் லண்டன் போனார். ஐரோப்பிய விதிகளுக்குக் கையைப் பழக்கிக்கொண்டு அந்த ஆண்டே பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932இலும் 1933இலும் மீண்டும். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் காப்பாபிளாங்காவையே வீழ்த்தினார். ஓபனிங்கில் தடுமாறுவார், நடு ஆட்டத்தில் மீண்டுவருவார், கடைசிக் கட்டத்தில் கழுத்தைப் பிடிப்பார். அவர் காலத்தில் சர்வதேச பட்டங்கள் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1966இல் இறந்தார். கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வந்தது 2024இல். கொடுத்தது பாகிஸ்தானியராக.

அவருக்கும் முன்னால், 19ஆம் நூற்றாண்டு வங்காளத்தில், ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து பாரிஸ்டரோடு நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடிய மகேஷ் சந்திர பந்தோபாத்யாயும் இதே ரகம். சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தி, பிஷப்பை மூலையோரம் பதுக்கிவைக்கும் அவருடைய பாணி, உள்ளூர் விதிகளின் பழக்க தோஷம். ஐரோப்பியர்களுக்கு அது விநோதமாகப் பட்டது. இன்று 'கிங்ஸ் இண்டியன்', 'நிம்சோ இண்டியன்' என்று பெயர் தாங்கிய தற்காப்புகளில் அந்த 'இண்டியன்' ஒட்டிக்கொண்ட கதையைத் தேடினால் கல்கத்தாவில் போய் நிற்கும். பெயர் நம்முடையது, அதைப் பற்றிய புத்தகங்கள் எல்லாம் இறக்குமதி. நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது.

2000ஆம் ஆண்டு இறுதியில் அந்த நிலை மாறுவதற்கான முதல் அறிகுறி தில்லியில் தெரிந்தது. நவம்பர் 27 அன்று சர்வதேச சம்மேளனத்தின் உலகப் போட்டி இங்கே தொடங்கியது. கால் இறுதியில் விஸ்வநாதன் ஆனந்தின் எதிரில் உட்கார்ந்தவர் முந்தைய ஆண்டு பட்டம் வென்ற ரஷ்யாவின் அலெக்ஸாண்டர் காலிஃப்மன். வழக்கமான ஆட்டங்களில் தீர்வு கிடைக்காமல் கூடுதல் ஆட்டங்கள் வரை இழுத்து, ஆனந்த் தப்பித்தார். பிறகு ஆடம்ஸ், டெஹ்ரானில் நடந்த இறுதியில் ஷிரோவ். டிசம்பர் 24 அன்று பட்டம் ஆனந்துக்கு. தோற்ற காலிஃப்மன் அப்புறம் என்ன செய்தார் என்பதுதான் இங்கே சுவாரசியம். பல்கேரியாவின் செஸ் ஸ்டார்ஸ் பதிப்பகத்துக்காக 2003லிருந்து 'ஆனந்தின் வழியில் வெள்ளைக்கான ஓபனிங்' என்று எழுதத் தொடங்கினார். 14 தொகுதிகள்! ஜெயித்தவரின் ஓபனிங்கைத் தோற்றவர் எழுதுவது வேறெந்த விளையாட்டிலும் நடக்காது. ஒரு சிறுவனின் ஓபனிங் தேவைக்கு 14 தொகுதிகள் தேவையா என்பது வேறு விஷயம். அலமாரிக்கு அழகு. மகிளா ஹாட்டில் அதில் நடுத் தொகுதி ஒன்று மட்டும் கிடைத்தால் சீரியல் நாவலின் ஏழாவது அத்தியாயம் கிடைத்த கதைதான்.

தில்லிப் போட்டி தொடங்குவதற்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்புதான் லண்டனில் கிராம்னிக் காஸ்பரோவை வீழ்த்தியிருந்தார். ஆயுதம், ரூய் லோபஸுக்கு எதிரான பெர்லின் தற்காப்பு. பெட்டியின் அடியில் பாச்சை உருண்டையோடு கிடந்த பழைய சமாச்சாரம் என்று நினைக்கப்பட்டது அது. ராணிகள் எட்டாவது நகர்த்தலிலேயே பலகையை விட்டு வெளியேறிவிடும். 15 ஆட்டங்களில் காஸ்பரோவால் ஒன்றைக்கூட ஜெயிக்க முடியவில்லை. அன்றுவரை வெளியான ரூய் லோபஸ் புத்தகங்கள் பெர்லினுக்கு ஒதுக்கிய பக்கங்கள் சொற்பம். அந்த ஆண்டு யாராவது 'சிறந்த ரூய் லோபஸ் புத்தகம்' என்று தேர்ந்தெடுத்திருந்தால் நவம்பரில் முகத்தை எங்கே வைத்துக்கொண்டிருப்பார்கள்?

இறக்குமதியைத் திருப்பிப்போட்டவர் ஒரு தில்லிப் பையன். பரிமார்ஜன் நேகி. 1993 பிப்ரவரியில் பிறந்தவர், 2006 ஜூலையில் கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட்டார். வயது 13 ஆண்டு, 4 மாதம், 22 நாள். அன்றைக்கு அவரைவிடச் சின்ன வயதில் அந்தப் பட்டத்தைத் தொட்டிருந்தவர் உக்ரைனின் கர்யாகின் மட்டுமே. 2012இல் ஆசிய சாம்பியன். 2014இல் நார்வேயின் ட்ராம்ஸோ ஒலிம்பியாட்டில் வெண்கலம் வென்ற இந்திய அணியின் முதல் பலகையில் உட்கார்ந்தவர். அந்த அணியில் சசிகிரண், அதிபன், சேதுராமன் என்று தமிழ்நாட்டுக்காரர்கள் மூன்று பேர். அதே ஆண்டு அவருடைய முதல் ஓபனிங் புத்தகம் குவாலிட்டி செஸ்ஸில் வந்தது. பிரெஞ்சு, காரோ-கான், ஃபிலிடார் தற்காப்புகளுக்கு எதிராக ஈ4 ஆடுவது எப்படி என்பது பொருள். அடுத்து சிசிலியனுக்கு எதிராக மட்டும் மூன்று தொகுதிகள். எழுதியவருக்கு வயது 21. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் படிப்புக்காகப் போட்டிகளை விட்டு ஒதுங்கத் தொடங்கிய காலம்.

அந்த ஒதுங்கலில்தான் புத்தகத்தின் பலமே இருக்கிறது. தொடர்ந்து ஆடிக்கொண்டிருக்கும் கிராண்ட்மாஸ்டர் ஓபனிங் புத்தகம் எழுதினால் வாசகன் சந்தேகப்பட வேண்டும். நல்ல சரக்கை நாளைய போட்டிக்குப் பதுக்கிவைத்துவிட்டு, மிச்சத்தை விற்கிறாரோ? கல்லூரிக்குப் போகிறவருக்குப் பதுக்க ஒன்றுமில்லை. நைடார்ஃபுக்கு எதிராக ஆறாவது நகர்த்தலில் பிஷப்பை ஜி5க்குக் கொண்டுபோகும் முரட்டு வழியை நேகி தேர்ந்தெடுத்தார். கறுப்பு ராணி உள்ளே புகுந்து 'விஷச் சிப்பாயை' வெட்டும் வகை அதில்தான் வருகிறது. 1972 ரெய்க்யவிக்கில் ஸ்பாஸ்கியிடம் பாபி ஃபிஷரே அந்தச் சிப்பாயைத் தின்றுவிட்டு 11ஆவது ஆட்டத்தைத் தோற்றார். நேகியின் தொகுதிகள் பெரிய ஆட்டக்காரர்களுக்கானவை. 11 வயதுப் பெண் அதைத் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். ஆனால் ஒரு இந்தியர் எழுதிய ஓபனிங் புத்தகத்தை ஐரோப்பியர்கள் காசு கொடுத்து வாங்கிப் படித்தார்கள். மகேஷ் சந்திரரிலிருந்து கணக்கிட்டால் ஒன்றரை நூற்றாண்டுக் கடன் வட்டியோடு தீர்ந்தது.

இனி எஞ்சின் விவகாரம். ஸ்டாக்ஃபிஷ் என்ற இலவச மென்பொருள் எந்த மனிதனையும் தோற்கடிக்கும். 2017 டிசம்பரில் ஆல்ஃபாஜீரோ வந்த பிறகு ஓபனிங் பற்றிய பல தீர்ப்புகள் தலைகீழாகின. போனிலேயே எல்லாம் கிடைக்கும்போது புத்தகம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. செஸ்ஸபிள் போன்ற தளங்கள் ஓபனிங்கைத் துண்டு துண்டாக்கி, மறக்கும் நேரம் பார்த்துத் திருப்பிக் கேட்டு, மனதில் ஏற்றுகின்றன. திருக்குறள் ஒப்புவித்தல் போட்டிக்குத் தயார் செய்கிற மாதிரி. பலன் இல்லாமலில்லை. ஆனால் எஞ்சின் சொல்வதும் அந்தப் பழைய பெல்கிரேடு குறிதான். சாதகம் 0.6 என்று காட்டும். ஏன் என்று கேட்டால் மேலும் பத்து நகர்த்தலைக் காட்டும்.

சென்னைப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா தன் மாணவன் குகேஷை 2500 ரேட்டிங் வரை எஞ்சின் பக்கமே போகவிடாமல் வளர்த்தார். அந்தப் பையன் கிராண்ட்மாஸ்டர் ஆனதும் தில்லியில்தான். 2019 ஜனவரி 15, தில்லி சர்வதேச ஓபன். வயது 12 ஆண்டு, 7 மாதம், 17 நாள். கர்யாகினின் உலக சாதனை 17 நாளில் கைநழுவியது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று குகேஷ் உலக சாம்பியன் ஆனபோது, இரு தரப்பும் ஆளும் பேருமாக மாதக்கணக்கில் தயாரித்த ஓபனிங்குகள் 13 ஆட்டங்களில் சமநிலையில் போய் முடிந்திருந்தன. 14ஆவது ஆட்டம், 55ஆவது நகர்த்தல், டிங் யானையை எஃப்2வில் வைத்தார். அவ்வளவுதான். எந்த ஓபனிங் புத்தகத்திலும் 55ஆவது நகர்த்தல் கிடையாது.

அதற்காக ஓபனிங் புத்தகங்களை மூட்டை கட்டிவிட முடியாது. எதிராளி நான்காவது நகர்த்தலில் வலை விரித்தால் 55 வரை போக வாய்ப்பேது? ஆகவே தேர்வு செய்தே ஆக வேண்டும். அனுபவசாலிகள் கடையில் நின்றபடி செய்யும் சோதனைகள் எளிமையானவை. 'இதை ஆடினால் வெற்றி நிச்சயம்' என்று அட்டையில் இருந்தால் கீழே வைத்துவிடலாம். வெள்ளைக்கு எழுதிய புத்தகத்தையும் அதே ஓபனிங்கைக் கறுப்புக்கு எழுதிய புத்தகத்தையும் அருகருகே திறந்து ஒரே நிலையைத் தேட வேண்டும். இரண்டும் தத்தம் பக்கம் சாதகம் என்று சத்தியம் செய்தால் ஒருவர் பொய் சொல்கிறார், சமயத்தில் இருவரும். எதிராளியின் சிறந்த பதிலை ஆசிரியர் மறைக்காமல் சொல்லி, 'இங்கே பெரிய லாபம் ஒன்றுமில்லை, ஆனால் ஆட இன்பமான நிலை' என்று எழுதியிருந்தால் அவரை நம்பலாம். பக்கத்தில் எழுத்து அதிகமா, எண்கள் அதிகமா என்று பார்க்க வேண்டும். கத்துக்குட்டிகள் ஆடும் தப்பு நகர்த்தல்களுக்குத் தண்டனை சொல்லியிருக்கிறதா? பெரும்பாலான விலை உயர்ந்த புத்தகங்கள் தோற்பது இந்தக் கடைசிச் சோதனையில்தான். அவை எதிரே கார்ல்சன் உட்கார்ந்திருப்பதாக நினைத்து எழுதப்பட்டவை. மயூர் விஹார் பெண்ணின் எதிரே உட்காருவது ரோகிணியிலிருந்து வந்த, ஷூ லேஸ் கட்டத் தெரியாத ஒன்பது வயதுப் பையன்.

மயூர் விஹார்க்காரர் கடைசியில் அந்த ஆண்டின் பட்டியல்கள் எதிலும் இல்லாத ஒன்றை வாங்கினார். பத்துப் பன்னிரண்டு வருஷம் பழசு, பிரெஞ்சுத் தற்காப்பு பற்றியது, எழுத்து அதிகம், எண்கள் குறைவு. கடைக்காரர் 300 சொல்லி 180க்கு இறங்கினார். முந்தைய சொந்தக்காரர் பென்சிலால் ஓரங்களில் குறிப்பு எழுதியிருந்தார். ஆறாவது அத்தியாயத்தோடு பென்சில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு பக்கங்கள் புத்தம்புதிது. மெட்ரோவில் மகள் முதலில் புரட்டியது ஏழாவது அத்தியாயத்தை. "இங்கேயிருந்து நான் எழுதட்டுமாப்பா?" என்று கேட்டுவிட்டு, பையில் பென்சில் தேடினாள். பேனாதான் இருந்தது. அப்பா வேண்டாம் என்றார்.